துங் வாங்கி வந்த ஒற்றைப் புட்டி

சீனாவின் ஹார்பின் நகரில் பேருந்து ஓட்டும் துங்கை, ஒன்று சொன்னால் இரண்டில்லாத மனிதர் என்று தெருவே புகழும். புகழ்வதற்குத் தெருவுக்கு என்ன? முப்பது வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துபவள் சியூயுன் அல்லவா!

மகளுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். "ஒரு புட்டி மது போதும்" என்று நண்பர்கள் முன் சொல்லிவிட்ட துங், ஒன்றே ஒன்று வாங்கி வந்தார்.

"ஏன்யா, நல்ல காரியத்துக்கு யாராவது ஒத்தையா கொண்டுபோவாங்களா? ஜோடியே சேர வேணாம்னு சொல்ற மாதிரி இருக்காதா? சம்பந்தமே முறிஞ்சிடும்!"

"ஒண்ணுன்னு சொன்னேன். ஒண்ணுதான் வாங்குவேன்."

"பாறாங்கல்லு கூட இந்நேரம் அசைஞ்சிருக்கும்!"

கத்திக் கத்திச் சியூயுனுக்குத் தொண்டை கட்டியது. அவருடைய அலமாரியைத் திறந்தாள். பணி ஓய்வு நாளில் குடிக்கவென்று பன்னிரண்டு வருடமாக அவர் துடைத்துத் துடைத்து வைத்திருந்த, கண்ணாடியே தேய்ந்துபோன மதுப்புட்டியை எடுத்து, புதியதோடு சேர்த்துச் சிவப்பு நாடாவால் கட்டினாள்.

"அது என்னோடதுடி!"

"நீ வாங்கினது ஒண்ணுதானே? உன் வாக்கு அப்படியே இருக்கு. இது நான் குடுக்கறது."

மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தி பழைய புட்டியைத்தான் முதலில் திறந்தார். "இன்னும் கொஞ்சம்?" என்று அவர் கேட்டபோது, துங் கண்கலங்க, "நிறையவே ஊத்துங்க" என்றார்.