எண்ணெய் தடவிய மூன்றாவது பொத்தான்

உங்கள் மாமாவைப் பற்றி நீங்கள் கேட்கும்போதெல்லாம், கடல் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அது முழுச் சங்கதி அல்ல, பிள்ளைகளே.

எழுபதுகளில் நானும் அவரும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனோம். அவர் என் அக்காவின் கணவர். குளிப்பவரின் இடுப்பில் கட்டிய கயிற்றை, மேலே வள்ளத்தில் இருந்து அவருடைய மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா.

ஒரு வருஷம் மதராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் மூன்று சென்சார்களோடு வந்தார். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுதான். அது நம் காதுக்குக் கேட்காத சத்தம் போடுமாம், அல்ட்ராசானிக் என்பார். அதைக் குளிப்பவரின் இடுப்பில் மாட்டிவிட்டு, வள்ளத்திலிருந்து ஒரு குழலை நீருக்குள் இறக்கித் திருப்ப வேண்டும். ஆள் இருக்கும் பக்கம் குழல் வந்ததும் பெட்டியில் முள் எழும்பும். மூன்றில் நல்லது எதுவென்று பார்த்து, அதை வைத்துப் புதுக் கருவி செய்வதாக இருந்தார்கள்.

மாமாவுக்கு ஒரே கேலி. "ஏலே, நான் எங்கன சுத்துதேன்னு ஒங்கக்காவுக்கே தெரியாது. இந்தப் பொத்தான் சொல்லிருமாக்கும்?"

குழலை இறக்கும்போதெல்லாம் இன்ஜினியர் அதன் முகத்தை விரலால் தேய்த்துவிடுவார். குமிழி ஒட்டியிருந்தால் சத்தம் அந்தக் காற்றைத் தாண்டாது என்பார்.

முதல் நாள் இரண்டு பொத்தான்கள் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிட்டன. மூன்றாவதை மாட்டிக்கொண்டு மாமா எங்கே போனாலும் முள் துள்ளியது. இன்ஜினியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கழுவி வைக்கச் சொல்லி மூன்றையும் என்னிடம் தந்தார்.

உப்பு தின்றுவிடக் கூடாதென்று கத்திக்கும் முக்குளிக்கும் கண்ணாடி வளையத்துக்கும் தேங்காய் எண்ணெய் தடவி வைப்போம். நல்ல பொத்தான் ஆயிற்றே என்று அதற்கு மட்டும் தடவினேன்.

மறுநாள் முள் அசையவே இல்லை. மத்தியானம் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து இத என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"கழுவி வச்சேன் சார்" என்றேன். எண்ணெய் என்ற சொல் வாயில் வரவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். ஒரு நாள் பேசி ஒரு நாள் ஊமையாகும் சாமானை நம்பி மனுஷனைக் கடலில் இறக்க முடியாது என்று சொல்லி, நோட்டில் அதை அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பொத்தானைத் தண்ணீர்ச் சட்டியில் போட்டேன். அதன் முகம் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழி. ஆட்டினாலும் போகவில்லை. சவுக்காரம் போட்டுத் தேய்த்த பிறகு ஒன்றுகூட ஒட்டவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மாமாவிடம் சொன்னேன்.

"விடுலே. கயிறு ஒங்கைல இருக்கையில எனக்கென்ன பயம்?" என்றார்.

அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் பொத்தான்களைத் துணியில் சுற்றி இன்ஜினியரிடம் கொடுத்தேன். வேறொன்றும் பேசவில்லை. சாயங்காலம் அவருக்கு ரயில்.

அடுத்த வருஷம், தண்ணீர் கலங்கிக் கிடந்த ஒரு நாள், கயிறு அடியில் பாறை விளிம்பில் சிக்கி அறுந்தது. இழுத்தபோது கனமில்லாமல் வந்தது. மாமா மேலே வரவில்லை. எந்தப் பக்கம் குதிக்க? தெற்கே குதித்தேன். மாமா வடக்கே கிடந்தார்.

அக்கா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள். "கயிறு ஒங்கைலதானலே இருந்துச்சு?"

"ஆமாக்கா."

பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. சாகும்வரை கயிற்றைத்தான் குறை நினைத்திருப்பாள். எண்ணெய் தடவியதை நான் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்குள் அந்தக் கருவி எங்கள் வள்ளத்துக்கு வந்திருக்குமா? படித்தவர்களைக் கேட்டால் வந்திருக்காது என்றுதான் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இன்ஜினியர் ரயில் ஏறிய அன்று எங்கள் வீட்டிலிருந்து ரயிலடிக்கு நடந்தால் அரைமணி நேரம்தான்.