மறுநாள் தெரியும் விரிசல்

விமானத்தின் எஃகுப் பாகங்களைப் பழுதுபார்ப்பவனால் எந்த வேலையையும் அன்றைக்கே முடித்துக் கொடுக்க முடியாது. மிக்ஸியோ ஸ்கூட்டரோ பழுதுபார்ப்பவர்கள் இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். "இன்னிக்கே வேணும்" என்று வாசலில் நிற்கும் ஆள் எல்லாத் தொழிலுக்கும் பொது.

எங்கள் பரிசோதகர் இருதயராஜ் சாரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பட்டறையின் இருட்டறையில். விரிசல் தேடுவதற்காகப் பாகத்தின் மேல் ஊற்றும் திரவம் ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும். அவர் முகம் தெரியவில்லை, பச்சை ஒட்டிய விரல்கள் மட்டும் தெரிந்தன. நான் கிளம்புவதாகச் சொன்னேன். "கதவச் சாத்திட்டுப் போங்க, வெளிச்சம் வருது" என்றார். அன்று இரவே அல்சூரில் அவர் வீட்டில் மாரடைப்பு.

மெட்ரோவில் வந்த கால்

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நாகராஜ் எங்களிடம் வந்தார். சிறிய விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் பராமரிப்புப் பொறுப்பாளர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். சக்கரம் மாட்டும் ஆக்சிலில் துரு அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த ரக விமானத்தின் தயாரிப்பே நின்றுவிட்டதால் புதிது கிடைக்காது. டிசம்பர் முடிவதற்குள் விமானம் சக்கரத்தில் நிற்காவிட்டால் உடைசலுக்குப் போட்டுவிடுவேன் என்று பள்ளி முதலாளி சொல்லியிருந்தார். விமானம் போனால் நாகராஜின் வேலையும் போகும்.

ஆக்சிலைப் பழைய போர்வையில் சுற்றி மல்லேஸ்வரத்தில் மெட்ரோ ஏறப் போயிருக்கிறார். காவலாளி நிறுத்திவிட்டார். இது விமானத்தின் கால் என்று இவர் விளக்க, அந்த ஆள் போர்வையைத் திரும்ப மூடிக்கொண்டே கேட்டாராம்: "ஏரோபிளேன் வெச்சிருக்கறவரு மெட்ரோல ஏன் சார் வரீங்க?"

வெட்டிப் பார்ப்பது

லேசர் கிளாடிங் என்பது எஃகுப் பொடியை ஒளிக்கற்றையில் உருக்கி, தேய்ந்த இடத்தின் மேல் வரிவரியாகப் பூசுவது. சொல்ல எளிது. விமான எஃகு மிக உறுதியானது, அதனாலேயே சூட்டைப் பொறுக்காது. சூடு கொஞ்சம் மிஞ்சினால் பூச்சு நன்றாக இருக்கும், அடியில் இருக்கும் எஃகு கெட்டுவிடும். நான் கல்லூரியில் படித்தவன் அல்ல. அடுகோடியில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்து, இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை அகராதியின் துணையோடு படித்துக் கற்றுக்கொண்டவன். ஆகவே அதே எஃகில் துண்டுகள் வாங்கி, பூசி, குறுக்கே வெட்டி உள்ளே பார்ப்பேன். மறுபடி பூசுவேன், மறுபடி வெட்டுவேன்.

அப்போது என் மனைவி இருந்தாள். இன்று என்ன வேலை என்று கேட்டால் விவரமாகச் சொல்வேன். ஒருநாள் முழுக்கக் கேட்டுவிட்டு, கறிவேப்பிலையை உருவிக்கொண்டே சொன்னாள்: "நல்லா ஒட்டினத வெட்டிப் போட்டுட்டு வர்றதுக்கா இவ்ளோ தூரம் பஸ்ல போறீங்க?"

தோசை மாவு

ஆக்சிலைப் பூசி முடித்த அன்று இருதயராஜ் சார் இருட்டறையில் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நாகராஜ் போர்வையை விரித்துத் தயாராக நின்றார். சார் மஞ்சள் அட்டை ஒன்றில் கையெழுத்துப் போட்டு, அதை ஆக்சிலில் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இந்த எஃகில் விரிசல் உடனே வருவதில்லை. யாரும் தொடாமல், அலமாரியில் கிடக்கும்போதே வரும். அதனால் ஒரு கையெழுத்து இன்று, ஒரு கையெழுத்து மறுநாள்.

நாகராஜுக்கு இது புதிது. பூட்டுவதற்கு முன் ஆக்சிலைத் தட்டினார், தடவினார், எங்கே விரிசல் என்று காட்டச் சொன்னார். கடைசியில் போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார்: "இது ஆக்சிலா தோசை மாவா சார், ராத்திரி பூரா வெச்சுப் பாக்கறதுக்கு?"

இரண்டு துண்டு

மறுநாள் இருட்டறையில் தலைமுடி போல ஒரு பச்சைக் கோடு. மூன்று பேருமே பார்த்தோம். சாதாரண விளக்கைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. அதுதான் எங்களுக்கு வேதனை.

தேறாத விமானப் பாகத்தை முழுசாக வெளியே விடக்கூடாது, அறுத்துத்தான் போட வேண்டும். நாகராஜ் என்னைத் தனியே அழைத்து, வெட்டாமல் கொடுக்கச் சொல்லுங்கள், நினைவுக்கு மேசையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். நான் கேட்டும் பார்த்தேன். இருதயராஜ் சார் ஆக்சிலை ரம்பத்தில் பொருத்தி அறுத்தார். துண்டுகள் சூடாறும்வரை காத்திருந்து நாகராஜிடம் சொன்னார்: "முழுசா இருந்தா ஒரு நாள் யாராவது மாட்டிடுவாங்க. வேற யாரும் இல்ல நாகராஜ், நீங்களே மாட்டுவீங்க."

பாதிக் கையெழுத்து

நாகராஜ் விடவில்லை. எங்கோ பழுதாகிக் கிடந்த அதே ரக விமானத்திலிருந்து இன்னொரு துருப்பிடித்த ஆக்சிலோடு வந்தார். இம்முறை ஆக்சிலை முதலில் இளஞ்சூடாக்கி, நிறுத்தி நிறுத்திப் பூசினேன். இருதயராஜ் சார் அன்று இருட்டறையில் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அடக்கத்துக்கு நாகராஜும் வந்து தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேறொரு பரிசோதகர் எங்களுக்குக் கிடைத்தபோது டிசம்பரில் ஒரே நாள்தான் பாக்கி. வந்தவரோ இன்னொருவர் பாதி பார்த்ததைத் தொடர முடியாது, இரண்டு தடவையும் நானே பார்க்க வேண்டும் என்றார். எங்கள் முதலாளிக்குக் கோபம். ஆக்சில் இத்தனை நாள் சும்மா கிடந்ததே, ஒரு தடவை பார்த்தால் போதாதா என்றார். நாகராஜ் ஒரு வார்த்தை சொன்னால் புதிய பரிசோதகரை இன்னும் நெருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. எல்லோரும் நாகராஜைப் பார்த்தோம். அவர் மஞ்சள் அட்டையில் இருந்த இருதயராஜ் சாரின் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு புதியவரிடம் சொன்னார்: "ரெண்டு தடவையும் நீங்களே பாருங்க சார். ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்."

மறுநாளும் ஆக்சில் சுத்தமாக இருந்தது. கெடு தாண்டித்தான் விமானம் சக்கரத்தில் நின்றது. பள்ளி முதலாளி சொன்னபடியே அதை வைத்துக்கொள்ளாமல் விற்றுவிட்டார். ஆனால் நிற்கிற விமானம் என்பதால் முழுசாகவே வேறொரு பள்ளிக்குப் போயிற்று, அதைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நாகராஜையும் சேர்த்து அழைத்துக்கொண்டார்கள்.

மாதக்கணக்கில் முயன்று பூசுவதில் பெரும்பகுதியை அளவுக்குக் கொண்டுவர நாங்களே தேய்த்து எடுத்துவிடுகிறோம். அந்த ஆக்சிலில் இன்று மிச்சமிருப்பது இரண்டு தபால் அட்டை தடிமனுள்ள எஃகு.