கணக்கப்பிள்ளை வீட்டு ரிம்மும் என் காதும்

வீல் கட்டப் பழகுகிற தம்பிமாருக்காக, முருகனை நினைத்து இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீலில் பிழை இருந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம்.

கினிகத்தேனையில் மெயின் ரோட்டோரம் சைக்கிள் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையில் சைக்கிள் கடையா என்று வருகிறவர் எல்லாம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இங்கே இறக்கத்தில் மனிதன் சைக்கிளில் போவான், ஏற்றத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவான். அதனால் மரக்கறிக் கடைத் தள்ளுவண்டி, ஆஸ்பத்திரி வீல்சேர் என்று சக்கரம் உள்ள எதையும் நான் விட்டதில்லை. ஆனால் இப்போது சொல்லப்போவது நல்ல பழைய சைக்கிள் ஒன்றைப் பற்றி.

1. தோளில் வந்த ரிம்

போன வருஷம் மார்கழிக்கு முன்னால் ஒரு காலை. ரெண்டு துருப்பிடித்த ரிம்மை மாலை மாதிரி தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் கடை வாசலில் வந்து நின்றார். பின்னால் வாடகை லொறியில் சைக்கிளின் மிச்ச உடம்பு கிடந்தது. நான் எழுந்து நின்றேன். அவர் வீராசாமி கணக்கப்பிள்ளை. பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு எடுத்தவர். என் மகன் யோகராஜா கட்ட நினைக்கிற பொண்ணுக்கு அப்பா.

மகனும் அந்தப் பொண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொடுக்கிறார்கள். மூன்று வருஷமாக ஒருத்தரை ஒருத்தர் விரும்பியிருக்கிறார்கள். எங்களுக்கு மூன்று வாரமாகத்தான் தெரியும். ஜாதகம் பார்த்தாயிற்று, பொருந்தியது. கணக்கப்பிள்ளை மட்டும் இன்னும் சரி என்று வாய் திறக்கவில்லை.

"வாங்க வாங்க, உக்காருங்க."

"உக்கார்றதுக்கு வரல பாஸ்." எங்கள் பக்கம் கைவேலைக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இந்த ரிம்ம மூணு கடைக்குக் கொண்டு போயிட்டேன். மூணு பேரும் ரிம்மு கோணலு, வீசிருங்கன்னு சொல்றானுங்க. எங்கப்பா ஓட்டுன ரிம்மு. எங்க டிவிசன்ல தோட்டத் தொரைக்கு அடுத்து சைக்கிள் ஓட்டுன ஆளு அவருதான். அவரு ரிம்மு கோணலா இருக்குமா?"

"இருக்காதுங்க."

பார்க்காமலே சொன்னேன். சம்பந்தம் பேசுகிற இடத்தில் வேறு என்ன சொல்வது?

"அப்ப கட்டுங்க. வர்ற சனிக்கிழம வந்து ஓட்டிப் பாப்பேன். ஒரு மனுசன் கைவேலையப் பாத்தா அவங்க வீடு எப்படின்னு தெரிஞ்சிரும். கல்யாணப் பேச்சுக்கு அன்னைக்குப் பதில் சொல்றேன்."

அவர் போனதும் என் மனைவி சரோஜா உள்ளேயிருந்து வந்தாள்.

"இத்தன நாளா ஜாதகத்துல தேடுன தோசம் ரிம்முல வந்து நிக்குதே" என்றாள்.

2. நாலு மிச்சம், நாலு குறை

அந்த மாதிரி ரிம் இப்போது வருவதில்லை. நல்ல கனம். ரெண்டு ஓரமும் உருண்டு உள்ளே மடிந்திருக்கும். பிரேக் கட்டை பக்கவாட்டில் கவ்வாது, உள்பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும். சரோஜா குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். துரு போய் வெள்ளியாகச் சிரித்தது. அது நேரா கோணலா என்று நான் அப்போதும் பார்க்கவில்லை. கோணல் என்று தெரிந்தால் ராத்தூக்கம் போய்விடுமே என்ற பயம்தான்.

என் விரல்களுக்கு முப்பத்தாறு கம்பிதான் பழக்கம். எண்ணாமலே ஒரு வீலுக்கு முப்பத்தாறாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் வீலைக் கோத்து முடித்தால் நாலு கம்பி மிச்சம். ரிம் ஓட்டையை எண்ணினேன், முப்பத்திரண்டு. நடுவில் இருக்கிற ஹப்பிலும் முப்பத்திரண்டு. வேர்த்துவிட்டது.

"மிஞ்சுனா நல்லதுதானே, கொறஞ்சாதானே கவல" என்றாள் சரோஜா.

பின் வீலில் குறைந்தது. அதில் நாற்பது ஓட்டை. அந்தக் காலத்து இங்கிலீஷ் சைக்கிளுக்கு முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் நாற்பது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முன்னால் மிஞ்சிய நாலும் பின்னால் குறைந்த நாலும் சரிக்குச் சரி. நீளத்தை மட்டும் பார்த்து வெட்டிப் புரி போட்டேன். முருகன் எண்ணித்தான் கொடுத்திருக்கிறான் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

3. காதால் எடுத்த கோட்டம்

வெள்ளிக்கிழமை பின் வீலுக்குக் கோட்டம் எடுத்து, அதாவது கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மை நேராக்கி முடித்தேன். முன் வீலை ஃபோர்க்கில் மாட்டி, சைக்கிளைத் தலைகீழாகச் சுவர் ஓரம் நிறுத்தி வைத்தேன். சனிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, அதற்குக் கோட்டம் எடுக்க உட்கார்ந்தேன்.

கோட்டம் எடுக்க நான் மெஷின் வைத்துக்கொள்வதில்லை. சுவர்ப் பக்கம் ஃபோர்க்கில் ஒரு ஆணியைக் கட்டி, ரிம்முக்கு மயிரிழை தள்ளி நிறுத்துவேன். கண்ணை மூடி வீலைச் சுற்றுவேன். எங்கே 'கீச்' என்கிறதோ அங்கே ரிம் ஆணிப் பக்கம் தள்ளியிருக்கிறது. எதிர்ப் பக்கக் கம்பியை இறுக்கினால் சரியாகிவிடும். கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்று பெரிய பெருமை எனக்கு.

சுற்றினேன். சுற்றுக்கு ஒரு தரம், ஒரே இடத்தில், 'கீச்'. அந்த மூன்று கடைக்காரர்களும் சொன்னது சரிதான் போல என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாக இறுக்கினேன். கீச். இன்னும் கால் சுற்று. கீச். முருகா முருகா என்று சொல்லிச் சொல்லி இறுக்க, ஒரு மணி நேரத்தில் சத்தம் நின்றது. வீல் மூச்சு விடாமல் சுற்றியது. கண்ணைத் திறந்து, படத்திலிருந்த முருகனைப் பார்த்துக் கையெடுத்தேன்.

4. கும்பிடு போட்ட சைக்கிள்

பத்து மணிக்குக் கணக்கப்பிள்ளை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஹேண்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினார். ரோட்டில் இறங்கி வளைவில் மறைந்தார். மகனும் சரோஜாவும் நானும் வாசலில் நின்றோம். மழை பிடித்தது. எங்கள் ஊர் மழைக்குச் சொல்லவா வேண்டும்.

அரை மணி கழித்து, நனைந்து ஒட்டிய வேட்டியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னங்க, ஏத்தமா?" என்று கேட்டேன்.

"ஏத்தமுமில்ல எறக்கமுமில்ல. நான் நேராத்தான் ஓட்டுனேன். முன் சில்லு சுத்துக்கு ஒரு கும்புடு போட்டுக்கிட்டே வருது. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவனெல்லாம் சிரிக்கிறான் பாஸ்!"

யோகராஜா முகம் சுண்டைக்காயாகிவிட்டது. துவாயை எடுத்துக் கொடுத்து அவரை உள்ளே உட்கார வைத்தான்.

நான் சைக்கிளைப் பழையபடி தலைகீழாகப் போட்டு ஆணியைக் கட்டிச் சுற்றினேன். ஆணி எங்கும் உரசவில்லை. ஆனால் இந்தத் தரம் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். ரிம் ஒரு இடத்தில் ஆணியை விட்டு விலகி நெளிந்தது. சரோஜா குனிந்து சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க..." அவள் குரல் காற்றாக வந்தது. "இது நான் வச்ச சந்தனம்."

முந்தின நாள் சாயங்காலம் கடைக்குச் சாம்பிராணி காட்டியவள், சம்பந்தி வீட்டு சாமான் ஆயிற்றே என்று ரிம்முக்கு ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். சாமி படம் மாட்டியிருப்பது அந்தச் சுவரில். சாமி பார்க்கிற பக்கம் வைப்பதுதானே முறை என்று கம்பிக்குள் கையை விட்டு அந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். பொட்டா அது? உளுந்துவடை அளவு. காய்ந்து சீமெந்து மாதிரி இறுகி, அந்த மழைக்கும் அசையாமல் இருந்தது. காலையில் என் காதுக்குக் கேட்ட 'கீச்' ரிம் உரசிய சத்தமில்லை, ஆணி சந்தனத்தைச் சுரண்டிய சத்தம். நேராக இருந்த ரிம்மை, ஒரு மணி நேரம் முருகன் பெயரைச் சொல்லி, நானே கோணலாக்கியிருக்கிறேன்.

5. என் பொட்டு

உண்மையைச் சொல்கிறேன், கெட்ட யோசனை வந்தது. அவர் உள்ளே தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். நகத்தால் அழுத்திச் சுரண்டினால் சந்தனம் பெயர்ந்துவிடும். பழைய ரிம்முங்க, கோணல்தான் என்று சொன்னால் நாலாவது கடைக்காரனாக நானும் தப்பித்துக்கொள்ளலாம். நகத்தை வைத்தும்விட்டேன். நிமிர்ந்தால் நேர் எதிரே முருகன் வேலோடு நிற்கிறான். அவனுக்கு வைத்த பொட்டை அவன் கண் முன்னாலேயே சுரண்டுவதா? கை வரவில்லை.

"கணக்கப்பிள்ளை, கொஞ்சம் வாங்க." அவர் வந்ததும் சைக்கிளைக் காட்டினேன். "ரிம்முல ஒரு தப்பும் இல்லைங்க. உங்கப்பா ரிம்மு நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்திச்சி. நான்தான் பாக்காம பொட்டுக்குக் கோட்டம் எடுத்துட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். ஆணியைப் பார்த்தார். சந்தனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தாங்க" என்றேன் நான்.

"நான்தாங்க" என்றாள் சரோஜா.

"நான்தான் மாமா" என்றான் என் மகன். அவன் அன்று காலைதான் பள்ளிக்கூட ஆசிரியர் விடுதியிலிருந்து வந்து இறங்கியிருந்தான்.

கணக்கப்பிள்ளை மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் மீசை ஆடியது, அப்புறம் தோள், அப்புறம் தொந்தி. சிரித்துச் சிரித்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு கடையில எங்கப்பா ரிம்மத்தான் கொற சொன்னானுங்க. தன் கைதான் தப்புன்னு சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

சந்தனத்தை அவரே தண்ணீர் விட்டுக் குழைத்து எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார். நான் இறுக்கிய கம்பிகளைத் தளர்த்தி, கண்ணால் பார்த்துப் பார்த்து மறுபடி கோட்டம் எடுத்தேன். மழை விடும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தார்.

தம்பிமாரே, காது நல்லதுதான், ஆனால் கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரிம் கையில் வந்தால் குறையை அதன் தலையில் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வேலையை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வீல் முடிந்ததும் சுற்றிக் காட்டினேன். அசையவில்லை. அவர் சரோஜா கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, கோப்பையைக் கீழே வைத்தார்.

"தையில ஒரு நல்ல நாள் பாருங்க, சம்பந்தி" என்றார்.