பேர் மைதானத்தில், ஆள் வேனில்

தோசை மாவை வைத்துக் கால்பந்து பேசுவது என் வழக்கமாக இருந்தது. "புது மாவ மட்டும் ஊத்துனா தோசை வெளுத்துப் போயிடும். பழைய மாவ மட்டும் ஊத்துனா புளிப்பு, வாயில வைக்க முடியாது. ரெண்டையும் கலக்கணும். எங்க டீமு அப்படித்தான்" என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். கை தட்டுவார்கள். நான் பந்தைக் காலால் தொட்டவன் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேசத் தெரிந்தவர் என்பதற்காக ஊர் அணிக்குத் தலைவராக்கி வைத்திருந்தார்கள்.

நாங்கள் உண்மையில் செய்த கலவை வேறு. எங்கள் ஊர் அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில், முந்திரிக் காட்டை ஒட்டி இருக்கிறது. மாதா கோயிலுக்குப் பின்னால் செம்மண் திடல். ஆரம்பச் சுற்றுகளில் ஊர்ப் பையன்கள் வெயிலில் ஓடி அணியை மேலே கொண்டுவந்துவிடுவார்கள். அரையிறுதி என்றதும் திருச்சியிலிருந்து பேர்பெற்ற ஆட்டக்காரர்களைக் காரில் வரவழைப்போம். பையன்கள் ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் கேன் தூக்குவார்கள். இளமையும் அனுபவமும் கைகோத்து நிற்பதாக நான் மைக்கில் சொல்லும்போது, அந்த இளமை ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கும்.

நான் சொல்ல வந்த பையன் எங்கள் அணியின் இடது ஓரத்தில் ஆடியவன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவரின் மகன். பன்னிரண்டாம் வகுப்பை எப்படியோ தாண்டியிருந்தான். அவனுடைய மதிப்பெண்ணுக்கு எந்தக் கல்லூரியும் கதவைத் திறக்காது. மாவட்ட அணித் தேர்வில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடலாம். அவனுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

அந்த வருடம் பெரம்பலூரில் நடந்த போட்டியில் இறுதிவரை வந்தோம். பாதிக்குமேல் அவன் கொண்டுவந்தது. ஓர் அணியில் வெளியூர்க்காரர் இருவர்தான் இருக்கலாம் என்பது விதி. இருவரையும் ஏற்கெனவே எடுத்துவிட்டோம். மூன்றாவதாக ஒருவர்மேல் எனக்கு ஆசை விழுந்தது. ஒருகாலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். விளையாட்டால் கிடைத்த அரசு வேலையில் இருந்துகொண்டு ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தார். அவர் தோளில் கை போட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அற்ப ஆசையும் எனக்கு இருந்தது.

ஊர்ப் பையன் ஒருவனுடைய பேரில் அவரை இறக்கிவிடலாம் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். ஆதார் ஜெராக்ஸில் எல்லா முகமும் கரிச்சட்டி அடி மாதிரித்தான் இருக்கும். பிறந்த வருடத்தை யாராவது பார்த்தால்தான் சிக்கல். பெயர்ப் பட்டியலின் கீழே தலைமையாசிரியர் என்று என் கையெழுத்து இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு உன் பேரு மட்டும் போதும் தம்பி" என்றேன், அந்த இடது ஓரத்துப் பையனிடம்.

"அப்ப நான், சார்?"

"நீ வேன்லயே இரு. வெளிய தலை காட்டுனா மாட்டிக்குவோம்."

எங்கள் கோல்கீப்பர் சிரித்தான். "ராசா மாதிரி ஒக்காந்துக்க மாப்ள. எங்களுக்குத்தான் வெயிலு." வேன் தகரம் கொதித்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கும் நேரம் தாண்டியும் நட்சத்திரத்தைக் காணோம். போன் செய்தேன். "சிறுவாச்சூர்ல டீ குடிச்சிட்டிருக்கேன் சார். இந்தா வந்துட்டேன்." ஒரு வழியாக வந்து இறங்கினார். முட்டியில் பட்டை, கன்னத்தில் பாக்கு, முன்னால் தொப்பை. ஜெர்சியை விரித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது, சின்னப் பையன் சைஸா இருக்கு?"

"சின்னப் பையனோடதுதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேனின் ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அவர் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று பையன்களை ஏசினார். பெனால்டி ஒன்று கிடைத்தது, அடித்தார், கோல். மைக்கில் வர்ணனை செய்தவர் பையனின் பேரை நீட்டி முழக்கினார். கூட்டம் அந்தப் பேரைச் சொல்லிக் கத்தியது. வேனுக்குள்ளிருந்து அவன் கேட்டிருப்பான்.

முடியும் தறுவாயில் நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு ஃபவுல் கொடுத்தார். நட்சத்திரம் மெல்ல நடந்து போய், பேச வாயைத் திறப்பவர் போலத் திறந்து, நடுவரின் முகத்தில் துப்பினார். சிவந்த பாக்கு எச்சில் கன்னத்திலிருந்து வழிந்து காலருக்குள் இறங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை யாரும் பார்க்கவில்லை என்றாலும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சிவப்பு அட்டை காட்டினார்கள். இருந்தும் நாங்கள்தான் ஜெயித்தோம். பெரம்பலூரில் ஒரு ஓட்டலில் பிரியாணி. நட்சத்திரம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, எச்சில் கையோடு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் ஆசைப்பட்ட படத்தை அப்போதுதான் யாரோ எடுத்தார்கள். பையன் என் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா போன் பண்ணுச்சு சார். கோல் போட்டியாம்ல, மாமா சொன்னாருன்னுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னுட்டேன்."

அந்த வாரமே கமிட்டியின் முடிவு வந்தது. நடுவர்மேல் துப்பிய ஆட்டக்காரர் ஒரு வருடம் மாவட்டத்தில் எங்கும் ஆடக்கூடாது, தேர்வுகளிலும் கலந்துகொள்ளக் கூடாது. கீழே பையனின் பேர். மாவட்ட அணித் தேர்வு அடுத்த மாதம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நான் செய்தது, அவன் பேரில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியது. துப்பியதை, "உணர்ச்சிப் பெருக்கில் நிகழ்ந்துவிட்ட ஒழுங்கீனம்" என்று எழுதினேன். எழுதி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று திருப்திகூடப் பட்டேன்.

அவன் இரண்டு தடவை படித்தான். "நான் துப்பலையே சார்."

"தெரியும்ப்பா. சும்மா ஒரு கையெழுத்து. மத்தத நான் பாத்துக்கறேன்."

போட்டான். அவனை அழைத்துக்கொண்டு பெரம்பலூரில் நடுவர் வீட்டுக்குப் போனேன். அவர் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து மடித்தார்.

"நல்ல தமிழு. நீங்க எழுதுனதா சார்?"

"ஆமா."

அவர் பையனிடம் திரும்பினார். "தம்பி, அன்னிக்கு ஆட்டத்தப்ப நீ எங்க இருந்தே?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். "வேன்ல சார்" என்றான்.

"என் மூஞ்சில துப்புனவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா சார்? நான் ரிப்போர்ட்ல நம்பரத்தான் எழுதுனேன். பேரு நீங்க குடுத்தது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க கையெழுத்துப் போட்ட லிஸ்டு, நீங்க சொன்னாத்தான் செல்லும். நாளைக்கு கமிட்டில வந்து நெசத்த சொல்லிடுங்க. கோப்பை போவும். டீமுக்குத் தடை வரும். ஆனா இவன் பேரு வெளிய வந்துடும். நானும் வந்து சொல்றேன்."

"யோசிச்சு சொல்றேன்."

"இதுல யோசிக்க என்னங்க சார் இருக்கு?"

பஸ்ஸில் திரும்பினோம். ஊர் நெருங்கியதும் பையன் கேட்டான்: "சார், கமிட்டிக்கு நாளைக்கு நானும் வரணுமா?"

"காலைல வூட்டுக்கு வா" என்றேன்.

வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். நான் படுக்கையை விட்டு எழவில்லை. காய்ச்சல் என்று சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இருந்தும் போய்ச் சொன்னாள். வாசலில் அவன் குரல் கேட்டது. "பரவால்லங்கம்மா. சார் எந்திரிச்சதும் சொல்லுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்." மதியம்வரை எதிர்த்த வேப்பமரத்தடியில் நின்றான். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பை அப்போது மாதா கோயிலின் பங்கு மண்டபத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பக்கத்தில் என் படம், எச்சில் கை தோளில் பட்ட அதே படம். அந்த இரண்டும் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் நான் போர்வைக்குள் கிடந்தேன். வேறு காரணம் ஏதும் இல்லை.

மாவட்டத் தேர்வு நாள் வந்து போனது; அவன் போக முடியவில்லை. மாதா கோயில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். பரிகாரமாக அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

பையன் எங்கள் அணிக்குத் திரும்பவில்லை. நான் அவனை அடுத்துப் பார்த்தது போன வருடம், ஜெயங்கொண்டத்தில். பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பந்தலில் உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஓர் ஊர் அணியின் இடது ஓரத்தில் ஒருவன் பந்தைக் கொண்டுபோன விதத்திலேயே தெரிந்துவிட்டது. மைக்கில் அவனுக்கு வேறு பேர் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார்: "பசங்கள வச்சு ஃபைனல் வரை வந்துட்டாங்க. இவன் ஃபைனலுக்கு மட்டும் எறக்குன ஆளு. பேரெல்லாம் டூப்பு."

சிறந்த ஆட்டக்காரர் பரிசுக்கு அவன்தான் வந்து நின்றான். தாடி வைத்திருந்தான். கன்னத்தில் பாக்கு. ஒரு துண்டுச் சீட்டை என் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார்கள்.

"என்னப்பா இது? இது உன் பேரு இல்லியே" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"என் பேரு உங்ககிட்டதான சார் இருக்கு." சிரித்தான். "இத படிங்க. சத்தமா படிங்க, நீங்கதான் நல்லா படிப்பீங்க."

படித்தேன். ழகரம் பிசகாமல் படித்தேன். கை தட்டினார்கள். கோப்பையைக் கொடுத்தேன். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். அது கேலியா, பழக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது, திடலுக்கு அப்பால் முந்திரி மரத்தடியில் அவர்களுடைய வேன் நிற்பது தெரிந்தது. உள்ளே யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மீசை அரும்பாத முகம், ஜன்னலை ஒட்டி. நான் அப்போதுதான் படித்த பேர் அவனுடையதாக இருக்கும். எழுந்து அந்த வேன்வரை நடந்திருக்கலாம். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. அடுத்த பரிசுக்கான சீட்டு வந்தது, அதையும் வாங்கிப் படித்தேன்.