ஆளைத் தூக்கியவனுக்கு வந்த போன்

சிதம்பரம் தேவராஜ் சார் போய்விட்டார். இன்று காலை... ஹார்ட் அட்டாக்.

மேல வீதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். உங்களில் பலர் முதல் கண்ணாடியை அங்கேதான் போட்டிருப்பீர்கள்.

எனக்கும் அவருக்கும் நட்பெல்லாம் கிடையாது. அவருடைய ஆளை நான் தூக்கினேன். அவ்வளவுதான் பழக்கம்.

2006. கடலூர் பஸ் ஸ்டாண்டில் கூலிங் கிளாஸ் விற்றுக்கொண்டிருந்த நான், செம்மண்டலத்தில் ஏசி போட்டு ஆப்டிகல்ஸ் திறந்த வருடம். ஷோரூம் ரெடி... கண் டெஸ்ட் பண்ண ஆள் இல்லை.

தேவராஜ் சாரிடம் செல்வம் இருந்தார். படித்த ஆப்டோமெட்ரிஸ்ட். அவர் பவர் பார்த்தால் கண்ணாடி திரும்பி வராது என்று பெயர்.

ஆளைத் தூக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. கடைப் பக்கமே போகக் கூடாது. அவர் டியூட்டியில் இருக்கும்போது பழம், ஸ்வீட்டோடு வீட்டுக்குப் போய் வீட்டம்மாவிடம் பேச வேண்டும்.

"கடலூர்ல நல்ல ஸ்கூலும்மா... பசங்களுக்கு சீட்டு என் பொறுப்பு."

செல்வம் வந்துவிட்டார். சேர்ந்த அன்றே தேவராஜ் சாரிடமிருந்து போன். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"தம்பி, செல்வத்துக்கு சுகர் ஜாஸ்தி, ஊசி போட்டுக்கறாரு. கூட்டம் இருந்தா பசிக்குதுன்னு வாயத் தொறக்க மாட்டாரு. பதினோரு மணிக்கு ரெண்டு பிஸ்கட்டாவது சாப்ட வெச்சிடுங்க."

"ஏன் சார், ஆளு சொத்தைன்னு சொல்லி திருப்பி வாங்கிக்கலாம்னு பாக்கறீங்களா?" என்று சிரித்தேன். சரக்கைக் குறை சொல்லியே வாங்கிப் பழகிய புத்தி...

"பாத்துக்கங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

அந்த மாதமே இலவச கண் டெஸ்ட் என்று போர்டு வைத்தேன். செம கூட்டம். செல்வத்தை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. மதியம், ஒரு அம்மாவுக்கு லென்ஸ் மாற்றும்போதே அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் வீட்டம்மா கேட்டார். "சார் உங்களுக்கு போன் பண்ணி சொல்றேன்னாரே அண்ணே... சொல்லலியா?"

"இல்லியேம்மா" என்றேன்.

அப்படியே வந்துவிட்டது வாயில்.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டம்மாவே சொன்னார். "சார்கிட்ட கேட்டுட்டேண்ணே. மறந்துட்டேம்மா, மன்னிச்சுக்கன்னாரு. அவுங்களுக்கும் வயசாயிடுச்சில்ல..."

செல்வம் பிழைத்துக்கொண்டார். இன்றும் என் கடையில்தான். ஆனால் சிதம்பரம் போனாலும் மேல வீதிக் கடைப் படியை அவர் அப்புறம் மிதிக்கவே இல்லை.

இன்று செய்தி வந்ததும் செல்வத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார் எடுக்கிறேன் என்றேன்... பஸ்ஸில் போய்விட்டார்.

நானும் கிளம்புகிறேன். வாசல் வரையாவது.

நீங்கள் மறக்கவில்லை சார். போய் வாருங்கள்.