கிராணி நடையும் வாளி நடையும்

வழவழவென்று சாயம் பூசிய தரையில் கார் திரும்பும்போது டயர் கீச்சிடும். ஊர்ந்துதான் போகும், ஆனாலும் கத்தும். ஈப்போவில் எந்தப் பேரங்காடியின் கார் நிறுத்துமிடமானாலும் அந்தச் சத்தம் என்னைக் கைப்பைகளோடு நிறுத்திவிடுகிறது. மனைவி நாலடி முன்னே போய்த் திரும்பிப் பார்ப்பாள். நான் அங்கே இருக்கமாட்டேன். எண்பதுகளின் நடுவில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஒரு டயர் கடையின் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடப்பேன்.

அந்தக் கடையில் வேலை செய்தவன் என் நண்பன். சுங்காய்ப் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டுவரிசையில் பிறந்தவர்கள் நாங்கள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் அவன் டயருக்கு வந்தான், நான் அச்சகத்துக்கு. சேர்ந்து ஒரு பழைய சின்னக் கார் வாங்கினோம். ஷா ஆலாம் பந்தயத் தடத்தில் ஒரு ஞாயிறு காலை யார் வேண்டுமானாலும் சொந்த வண்டியை ஓட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். மறுநாளே அவன் சிங்கப்பூருக்குப் போகவேண்டும், கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. அதற்குள் ஒரே ஒரு தடவை அந்த வளைவுகளில் ஓட்டிவிட வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

சக்கரத்தை எந்தச் சாய்வில் வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. மேல்விளிம்பு சற்று உள்ளே சாயட்டும் என்பதில் சண்டையில்லை. வளைவில் பிடிப்பு கிடைக்கும். சண்டையெல்லாம் சக்கரத்தின் விரலில், அதாவது அதன் முன்விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதில். முன்சக்கரங்களின் விரல்கள் வெளியே பார்த்தால் வண்டி திருப்பத்தில் சட்டென்று பாயும், நேர்ரோட்டில் அலைபாயும். உள்ளே பார்த்தால் நேர்ரோட்டில் அடக்கமாக ஓடும், திருப்பத்தில் சோம்பும். இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் ஒட்டவில்லை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, சப்பாத்து நுனியை இரண்டு பக்கமும் விரித்துப்போட்டு நடப்பார். வெளியே பார்த்தால் அது கிராணி நடை. தோளில் சுமக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால்வாளி தொங்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் விரலை உள்ளே மடக்கி நடந்தவர்கள் எங்கள் ஆட்கள். உள்ளே பார்த்தால் அது வாளி நடை.

"கிராணிதான் மச்சான். ரேஸ் ஓட்டப் போறமா, பால் தூக்கப் போறமா?" என்றான் அவன்.

"திரும்பி வரணும்லா. தாப்பா ரோட்டுல மழ புடிச்சா கிராணி நேரா ரோட்டோர லோங்காங்குப் பள்ளத்துல எறங்கிருவாரு."

"எறங்குனா கைகுடுத்துத் தூக்கிக்கலாம். நீ வா, படு."

கிராணி ஜெயித்தார். ஆளுக்கொரு சக்கரம். நான் ஒல்லி, முன்பக்கமாகவே வண்டிக்கடியில் நுழைந்துவிட்டேன். அவன் தொந்திக்கு அந்த இடம் போதவில்லை. பின்பக்கமாக ஊர்ந்து வந்தான்.

"வெரல வெளியே தொறந்திட்டியா?"

"தொறந்தாச்சு. நீ?"

"எப்பவோ."

விடியலில் கிளம்பினோம். வண்டி நேராகத்தான் போனது. ஆனால் ஸ்டீரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் நேராகப் போனது.

"ரோடு சாஞ்சிருக்குலா," என்றான் அவன். பாதி வழி தாண்டி, தஞ்சோங் மாலிம் வரைக்கும் ரோடு சாய்ந்தே இருந்தது.

தடத்து வாசலில் வண்டிகளைச் சோதித்த மலாய்க்காரர் ஸ்டீரிங்கைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், தலையசைத்தார். நேராக்கிக்கொண்டு வாருங்கள், வாசல் மூடுவதற்குள் வந்தால் விடுகிறேன் என்று மரியாதையாகவே சொன்னார். குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பின்னாலிருந்து நுழைந்தவன் தன் கண்ணுக்கு எதிரே இருந்த விளிம்பை விரல் என்று நினைத்துத் திறந்திருக்கிறான். அது குதிகால், சக்கரத்தின் பின்விளிம்பு. ஒரு சக்கரம் கிராணியாகவும் இன்னொன்று வாளியாகவும், இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டயர் கடைக்காரரே குதிகாலத் தொறந்துட்டாருடா!" வரிசையில் நின்றவர்களில் தமிழ் தெரிந்த இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

ஒரு சக்கரத்தைத் திருத்தினால் போதும். ஒரு ஸ்பேனர், கொஞ்ச நேரம். ஆனால் எந்தச் சக்கரத்தை?

"ஒன்னோடது ஏற்கெனவே வாளி. என்னோடதயும் வாளியாக்கிருவோம். திரும்பிப் போறதுக்கும் நல்லது," என்றேன்.

"நேத்து என்ன பேசுனோம்?"

"நேத்து நீ ஒழுங்கா வெக்கல."

"ஓ, அச்சுக் கோக்கிற தொரை எனக்கு டயர் சொல்லித் தராரு!"

அவன் என் சக்கரத்தைத் தொடவிடவில்லை. நான் அவனுடையதைத் தொடவிடவில்லை. ஸ்பேனர் இருவருக்கும் நடுவில் தார்த்தரையில் கிடந்து சூடேறியது. வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் ஒவ்வொன்றாக வளைவுக்குள் விழ, ரப்பர் கத்தியது. ஒவ்வொரு கத்தலுக்கும் அவன் கழுத்து தானாகத் திரும்பி, என்னைக் கண்டதும் மீண்டது. கடைசியில் ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டினான். "எதையாச்சும் பண்ணித் தொலை." நான் படுத்து நட்டைத் தளர்த்துவதற்குள் தடத்து வாசலின் இரும்புக் கதவு உருண்டு மூடும் சத்தம் கேட்டது.

பிறகு எத்தனையோ வண்டிகளை ஓட்டிவிட்டேன். அந்தச் சின்ன எஞ்சினின் வேகத்துக்கு, மரையில் அரைச் சுற்று உள்ளேயா வெளியேயா என்பது ஓட்டுபவன் கைக்கே தெரிந்திருக்காது. இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் என்று மனம் ஆரம்பிக்கும், பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளும். அன்றைக்கும் தெரியாமல் இல்லை. அவனுக்கும் தெரியும், அவன் டயர் கடைக்காரன். விரலுக்காகவா சண்டை போட்டோம்? லயம் போய், தோட்டம் போய், மிச்சமிருந்த ஒருவனும் நாளைக்குப் போகிறான் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாத இரண்டு பேருக்கு அன்றைக்குக் கையில் கிடைத்தது ஒரு சக்கரம்.

திரும்பும் வழியில் மழையே இல்லை.

மறுநாள் ஈப்போ பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டினான்.

"தீவாளிக்கு வாரேன். வண்டிய நீ எப்படி வேணா வெச்சுக்க மச்சான். நான் ஓட்டிக்கிறேன்லா."

"வா," என்றேன்.