நான்காவதாக வருபவள்

பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணி ஒன்றுக்கு நான் பயிற்சியாளர் என்று சொன்னால், ஒரு காலத்தில் நானும் பெரிய ஓட்டக்காரியாக இருந்திருப்பேன் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. பள்ளி நாள்களில் ஓடியிருக்கிறேன். கோப்பை எதுவும் வாங்கியதில்லை. பிறகு திருமணம், இரண்டு பிள்ளைகள், ஜூரோங்கில் கப்பல் உதிரிபாகங்கள் அனுப்பும் அலுவலகத்தில் வேலை. சின்னவன் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவில் காலையில் மறுபடியும் ஓட ஆரம்பித்தேன். அங்கே நாயோடு நடக்க வரும் சீனப் பெண்மணி ஒருவர் பழக்கமானார். மேற்குப் பகுதியில் உள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றின் விளையாட்டுப் பிரிவைக் கவனித்துக்கொள்பவர் அவர். பெண்கள் அணிக்கு ஆள் இல்லை, நீ வருகிறாயா என்று ஒருநாள் கேட்டார். நான் அலுவலகத்தில் பகுதி நேரத்துக்கு மாறியிருந்த சமயம் அது. யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி பூப்பந்துக் காலணி போட்டிருந்தாள். இன்னொருத்தி, ஓடினால் உடம்பு இளைக்கும் என்று அம்மா அனுப்பியதாகச் சொன்னாள். மூன்றாவது பெண் வாயே திறக்கவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடப் போய்விட்டாள்.

அந்த மூன்று, ஆறாகி, பிறகு பதினைந்து இருபதாக வளர்ந்ததில் என் சாமர்த்தியம் அதிகமில்லை. நான் அவர்களை மெதுவாக ஓட வைத்தேன், அவ்வளவுதான். ஓட்டப் பயிற்சி என்றால் மூச்சு முட்ட ஓடுவது என்று நினைத்து வருகிற பிள்ளைகள் பாதிப் பேர் இரண்டாம் வாரம் காணாமல் போவார்கள். வாரத்தில் பெரும்பாலான நாள்கள், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் ஓடினால் போதும் என்றேன். பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்ட மண் பாதையில் வரிசையாகப் போவார்கள். எந்த விரிவுரையாளர் பாடம் நடத்தும்போது தூக்கம் வருகிறது, யாருடைய காதலன் குறுஞ்செய்திக்குப் பதில் போடவில்லை என்று தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் எல்லாம் கலந்து பேச்சு போய்க்கொண்டே இருக்கும். நான் பின்னால் மிதிவண்டியில் போவேன். வானம் கறுத்து மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதினால் எல்லோரும் அருகிலுள்ள அடுக்குமாடி புளோக்கின் திறந்த அடித்தளத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்திலும் பேச்சுதான். அப்படிப் பேசிப் பேசியே அவர்களுக்குக் கால் பலப்பட்டது. மூன்றாம் ஆண்டு, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பை எங்களிடம் வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் வேறெங்கும் போகவில்லை.

இந்தப் போட்டியில் புள்ளி கணக்கிடும் முறை வெளியாருக்குப் புதிதாக இருக்கும். ஓர் அணிக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அவர்களில் முதலில் வரும் நான்கு பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்த அணிக்குக் குறைவோ அந்த அணிக்குக் கோப்பை. முதலாவதாக வருகிறவளைத்தான் எல்லோரும் படம் எடுப்பார்கள். ஆனால் அணி ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் நான்காவதாக வருபவள் கையில் இருக்கிறது. முன்னால் ஓடுகிறவள் எவ்வளவுதான் உயிரைக் கொடுத்து ஓடினாலும் ஓர் இடம் இரண்டு இடம்தான் கூடும், குறையும். பின்னால் கூட்டமாக வருகிற இடத்தில் ஒரே மூச்சில் ஐந்தாறு பேரைத் தாண்டலாம், ஐந்தாறு பேரிடம் இழக்கவும் செய்யலாம்.

நான் சொல்ல வந்தது அப்படி நான்காவதாக ஓடிய ஒரு பெண்ணைப் பற்றி.

அவள் புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வருபவள். தாதிமை படித்துக்கொண்டிருந்தாள். தோழி ஒருத்திக்குத் துணையாக வந்தவள். தோழி ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள், இவள் நிற்கவில்லை. வேகம் என்று சொல்ல முடியாது. ஆனால் மழையோ, பரீட்சையோ, மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சியோ, எது இருந்தாலும் வந்துவிடுவாள். இரண்டு ஆண்டுகள் அவள் பெயர் போட்டிக்கான ஆறு பேரில் இடம்பெறவில்லை. மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டு, எல்லைக் கோட்டில் தண்ணீர் போத்தலோடு நிற்பாள். அதற்காக முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை.

அவளுடைய அம்மாவை நான் சந்தித்தது ஒரு பேருந்தில். அலுவலகம் முடிந்து ஏறினேன். பயண அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போகப் போன என்னை ஓட்டுநர் நிறுத்தினார். சீருடையில், என் வயதிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்.

"நீங்கதானே அந்தப் பிள்ளைங்கள ஓட விடுற கோச்?"

ஆமாம் என்றேன். பின்னால் ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன்.

"என் மகளும் அதுல இருக்கா. வாரத்துல ரெண்டு நாளு இந்த ரூட்ல உங்க கூட்டத்தப் பாப்பேன். சிக்னல்ல நின்னா தலைய எண்ணுவேன், இவ இருக்காளான்னு." கடைசி ஆளும் ஏறியதும் கதவை மூடினார். "நான் பஸ்ஸ ஓட்டுறேன், அவ சும்மாவே ஓடுறா. இறங்குறப்ப பேசுவோம், உள்ள போங்க."

பேருந்து முனையத்தில் கொஞ்ச நேரம் பேசினோம். கணவர் இல்லை, மகள் ஒருத்திதான். மகள் ஓடுவதை முழுதாக ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றார். போட்டி வைக்கிற நேரமெல்லாம் அவருக்கு ஷிஃப்ட்.

"அவ பேரு வந்தா சொல்லுங்க மேடம். யாருகிட்டயாவது மாத்திக்கிட்டு வந்துடுவேன்."

அவள் பெயர் வந்தது. அவளுக்குக் கடைசி ஆண்டு. மூத்த ஓட்டக்காரிகள் இரண்டு பேர் படிப்பை முடித்துப் போயிருந்தார்கள். இன்னொருத்திக்குக் கணுக்கால் மேல் எலும்பில் கீறல். போட்டிக்குச் சில வாரமே இருந்தபோது, வரிசைப்படி பார்த்தால் எங்கள் நான்காவது ஆள் இந்தத் தாதிமைப் பெண்தான் என்று ஆகிவிட்டது. கோப்பைக்கு எங்களோடு மோதும் எதிரணிக் கல்லூரியிலோ முதல் நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே வேகம்.

எங்கள் அணியில் முதலாவதாக ஓடுகிறவள் ஜூரோங்கிலிருந்து வரும் மலாய்ப் பெண். அவ்வளவு வேகமான பிள்ளையை அதற்கு முன் நான் கையாண்டதில்லை. சனிக்கிழமைக் காலை நீண்ட ஓட்டம் முடிந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு நாங்கள் போய்ச் சாப்பிடுவது வழக்கம். அந்த வாரம் உணவங்காடியில் ரொட்டி பரோட்டா வரக் காத்திருந்தபோது அவள் ஒரு யோசனை சொன்னாள், ஆங்கிலத்தில். போட்டியில் முதல் பாதி முழுக்கத் தாதிமைப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே ஓடி, அவளை இழுத்துக்கொண்டு போகிறேன். பிறகு என் வேகத்தில் போகிறேன். எனக்குச் சில இடம் போகும், அவள் நிறைய இடம் முன்னேறுவாள், கூட்டிப் பார்த்தால் நமக்கு லாபம்.

முதல் பரிசைத் தானே விட்டுக்கொடுக்க முன்வந்த பிள்ளையை என்ன சொல்வது? கணக்கும் சரியாகத்தான் இருந்தது. எனக்கு யோசனை பிடித்துவிட்டது. மற்றவர்களும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். சம்பந்தப்பட்டவள் எல்லோருக்கும் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், வாங்கப் போயிருந்தாள். தட்டோடு திரும்பி வந்தபோது பாதிப் பேச்சு அவள் காதில் விழுந்தது. குவளைகளை ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள்.

ஜூரோங் போகிறவர்கள் ஒரு ரயிலில் ஏறினார்கள். புக்கிட் பாஞ்சாங் போகும் ரயிலில் நானும் அவளும் மட்டும். நான் பாதி வழியில் இறங்கிப் பேருந்து மாற வேண்டும். இரண்டு நிலையம் தாண்டியதும் பேசினாள்.

"கோச், ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"என் கூட யாரும் ஓட வேணாம்."

"அவ உன்னக் குறைச்சு நெனச்சு சொல்லல."

"தெரியும் கோச். அவ ரொம்ப நல்லவ லா. அதான் அவகிட்ட சொல்ல முடியல."

குனிந்து காலணி நாடாவை இறுக்கிக் கட்டினாள். பிறகு சொன்னாள்.

"இப்ப வார்டுல ஒரு அங்கிள் இருக்காரு. இடுப்புல ஆப்பரேஷன். டெய்லி நான்தான் பிடிச்சு நடக்க வைக்கிறேன். நான் பிடிச்சா நல்லாத்தான் நடக்கிறாரு. ஆனா முகம் மட்டும் உம்முன்னே இருக்கும். நேத்து ஃபிசியோகிட்ட கேட்டுட்டுக் கைய விட்டுட்டேன், பக்கத்துலயே நின்னுக்கிட்டு. கொஞ்ச தூரம்தான் போனாரு. அதுக்கே என்னா சிரிப்பு தெரியுமா?"

"நாம தோத்துட்டா?"

"தோத்தா என்னால தோத்ததா இருக்கட்டும் கோச். ஜெயிச்சாலும் அப்படியே இருக்கட்டும்."

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது. "சரி, அவகிட்ட நான் பேசுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். பேருந்துக்கு நிற்கும்போது அந்தப் பெண்ணை நினைத்து எனக்குள் ஒரு சந்தோஷம். கோப்பை வருமா என்ற கவலையும் கூடவே இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

மலாய்ப் பெண்ணிடம் மறுநாள் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். போட்டியில் மெதுவாக ஓடி எனக்குப் பழக்கமே இல்லை கோச், எப்படிச் செய்வது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன் என்றாள்.

போட்டி பொங்கலையொட்டி வந்தது. நீர்த்தேக்கத்தை ஒட்டிய பூங்கா, விடியற்காலையிலிருந்து மழை. ஓடும் நேரத்துக்கு மழை விட்டிருந்தது, புல்தரை மட்டும் சகதியாகக் கிடந்தது. பாதையில் ஒரு மேடு உண்டு. அதை இரண்டு தடவை ஏற வேண்டும். அவளிடம் நான் சொல்லியிருந்தது இவ்வளவுதான்: முதல் தடவை யாரோடும் போட்டி போடாதே, இரண்டாம் தடவை யாரையும் பார்க்காதே.

மேட்டின் அடியில் நான் நின்றிருந்தேன். துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் குடையை மடக்கிக்கொண்டே ஒருவர் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். ஓட்டுநர் சீருடை, அதன்மேல் ஒரு மெல்லிய சட்டை.

"வந்துட்டாளா?"

"இப்பதான் ஆரம்பிச்சாங்க. உங்களுக்கு ஷிஃப்ட் இல்லையா?"

"காலைல பாதி ஓட்டிட்டு மாத்திக்கிட்டேன். இன்னொரு டிரைவரு பாவம், அவருக்குப் பொங்கலுக்குப் பலகாரம் செஞ்சு குடுக்கணும்."

முதல் தடவை மேட்டுக்கு வந்தபோது எங்கள் மலாய்ப் பெண் முன்னணியில் இருந்தாள். அடுத்தடுத்து எங்கள் ஆள் இரண்டு பேர். எதிரணிச் சட்டைகள் நான்கும் சேர்ந்தாற்போலப் போயின. அதற்குப் பிறகு ஒரு பெரிய கூட்டம். அதன் நடுவில் எங்கள் பெண். அம்மா அவளைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டத்துல மாட்டிக்கிட்டா மேடம்."

"இருங்க, இன்னொரு சுத்து இருக்கு."

இரண்டாம் தடவை வரும்போது அந்தக் கூட்டம் கலைந்து நூல் மாதிரி நீண்டிருந்தது. ஆரம்பத்தில் அவசரப்பட்டவர்களுக்குச் சகதியில் கால் எழவில்லை. இவள் வந்தாள். அழகான ஓட்டம் அல்ல. தோள் இரண்டும் ஏறியிருந்தது, வாய் திறந்திருந்தது. மேட்டின் பாதியில் ஒருத்தியைத் தாண்டினாள். உச்சிக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு பேர். எதிரணியின் நான்காவது பெண் கொஞ்சம் முன்னால் தெரிந்தாள். அவளை எட்டினாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேட்டுக்கு அப்பால் பாதை மரங்களுக்குள் திரும்பிவிடும்.

நாங்கள் இருவரும் குறுக்கு வழியில் எல்லைக் கோட்டுக்கு நடந்தோம். நடந்தோம் என்றா சொன்னேன்? அந்த அம்மா ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

போய்ச் சேர்ந்தபோது அவள் புல்தரையில் மல்லாந்து கிடந்தாள். முட்டிவரை சேறு. அம்மாவைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ம்மா, சாப்டியா?"

"முதல்ல எழுந்திரு நீ. சட்டையெல்லாம் சேறு."

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு அந்தச் சேற்றோடே அவளைக் கட்டிக்கொண்டார். சீருடை வீணாகப் போனது.

மலாய்ப் பெண்ணுக்கு இரண்டாம் இடம். கடைசித் திருப்பத்தில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடியிருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குத் தாதிமைப் பெண்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவி மருந்து போட்டாள். அணி முடிவைச் சொல்ல நேரமாயிற்று. கூட்டிப் பார்த்து, சரிபார்த்து, மறுபடி கூட்டினார்கள் போலிருக்கிறது. பெண்கள் ஈரத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கடைசியில் எங்கள் கல்லூரியின் பெயரைப் படித்தார்கள். வித்தியாசம் இரண்டே புள்ளி. எதிரணியின் நான்காவது பெண்ணை அவள் மரங்களுக்குள் தாண்டியிருந்தாள். அதை யாரும் பார்க்கவில்லை, படமும் இல்லை. தாண்டியது உண்டா என்று கேட்டேன். "யாரையும் பாக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

அன்று எல்லோருமாகத் தேக்காவுக்குப் போனோம். சாலையில் பொங்கல் விளக்குகள், கடை வாசல்களில் கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை. சேற்றுக் காலணிகளோடு பத்துப் பெண்கள் போனால் உணவகங்களில் முகம் சுளிப்பார்கள் என்று காலணிகளைப் பையில் போட்டுக்கொண்டு சிலிப்பரில் போனார்கள். அந்த அம்மாவை நடுவில் உட்கார வைத்து ஆட்டிறைச்சிப் பிரியாணி சொன்னோம். சீனப் பெண் ஒருத்தி அவரிடம், பேருந்து ஓட்டும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் ஆங்கிலத்திலேயே ஒரு நீண்ட கதை சொன்னார். மேசையே குலுங்கிச் சிரித்தது. மகளுக்குக் கூச்சம். "போதும்மா" என்று அவர் தொடையைக் கிள்ளினாள்.

அந்தப் பெண் இப்போது ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். ஷிஃப்ட் இடம் கொடுக்கும்போது வந்து புதுப் பிள்ளைகளோடு மெதுவாக ஓடிவிட்டுப் போகிறாள். அதன் பிறகு வந்த ஓர் ஆண்டு நாங்கள் கோப்பையை இழந்தோம், அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றோம்.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே புக்கிட் பாத்தோக் வந்து சேர்ந்துவிட்டேன். புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் கொத்தமல்லியும் தோசை மாவும் வாங்கினேன். கணவர் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஜெயிச்சாச்சா?"

"ம். பிள்ளைங்க நல்லா ஓடுச்சுங்க."

"சரி, போய்க் குளி. சட்னி நான் அரைக்கிறேன்."

வெந்நீரில் நின்று வெகுநேரம் குளித்தேன். வெளியே வந்தபோது முதல் தோசை கல்லில் வெந்துகொண்டிருந்தது.